பெரிய குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலக

ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டால், பதில் வருவதற்குள் நாற்பது பார்வர்டுகள் அதை மேலே தள்ளிவிடும். சரி, கிளம்பலாம் என்று தோன்றினாலும் உடனே வெளியேறாதீர்கள். அங்கே உருப்படியாகப் பேசும் நாலைந்து பேரிடம் தனியாக, 'சின்னதாக ஒரு குழு தொடங்கலாமா?' என்று கேளுங்கள். கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள், எனக்கே அது எரிச்சல். தேவையான பழைய உரையாடலை 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2022 முதல், நீங்கள் விலகும் அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டுமே போகிறது. ஆனால் விலகியவர்கள் பட்டியலில் 60 நாள் வரை பெயர் தெரியும். அப்புறம், பிரைவசியில் 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்பின் தெரியாத யாராவது வேறொரு கூட்டத்தில் இழுத்துப் போட்டுவிடுவார்கள்.