கொழும்புச் சைனீஸ் கடைகளில் ஓடர் கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெஹிவளை, கல்கிசை வரை போனாலும், உள்ளே திரும்பி நுகேகொடை, இராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் போனாலும், வடக்கே கொட்டாஞ்சேனை, வத்தளை என்று போனாலும் ஒரு சைனீஸ் கடை கண்ணில் படும். பிறந்தநாள், பரீட்சைப் பெறுபேறு, லண்டனிலிருந்து வந்து நிற்கும் சித்தப்பா, எதுவானாலும் குடும்பமாகப் போய் இருப்பது அங்கேதான். ஆனால் கைதேர்ந்த சமையற்காரர் உள்ள கடையிலும் பலர் அரை மனதோடு எழும்பி வருகிறார்கள். குறை பெரும்பாலும் ஓடர் கொடுத்த விதத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கடைகளின் மெனு சீனாவின் மெனு அல்ல, கொழும்பின் மெனு. ஹொட் பட்டர் கட்டில்பிஷ் இங்கே பிறந்த சாப்பாடு. டெவல் சிக்கனும் அப்படியே. நாசி கொரெங் இந்தோனேசியாவிலிருந்து வந்து இந்த மெனுவில் ஒட்டிக்கொண்டது. ஆகவே “உண்மையான சீனச் சாப்பாடு இப்படியா?” என்று அளப்பதில் பயனில்லை. இந்தச் சமையலுக்கென்று ஒரு முறை இருக்கிறது, அதன்படி ஓடர் கொடுத்தால் அருமையாகச் சாப்பிடலாம்.

ஆளுக்கொரு றைஸ்

அதிகமாக நடக்கும் தவறு இதுதான். நாலு பேர் போய் இருக்கிறார்கள். ஒருவருக்கு சிக்கன் ஃப்ரைட் றைஸ், இன்னொருவருக்கு சீபூட் நூடில்ஸ், மூன்றாமவருக்கு நாசி கொரெங், நாலாமவருக்கு சொப்சி றைஸ். இந்தக் கடைகளில் ஸ்மோல் றைஸே பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். நாலு கோப்பையும் மேசைக்கு வந்தபின் கறிக்கு வயிற்றில் இடமில்லை, பாதிச் சோறு பார்சலாகிறது.

நேரமும் வீணாகும். நடுத்தரக் கடையொன்றின் குசினியில் இரண்டு மூன்று பெரிய தாச்சிகள்தான் கடும் நெருப்பில் ஓடிக்கொண்டிருக்கும். வெவ்வேறு றைஸ் ஒவ்வொன்றும் தாச்சியில் தனித்தனி முறை. நாலு வகை சொன்னால் நாலு முறை, அதுவும் மற்ற மேசைகளின் ஓடர்களுக்கு நடுவில். அதனால்தான் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது அடுத்தவருக்கு வருகிறது. நாலு பேருக்கு ஒரு லார்ஜ் றைஸ், அல்லது ஒரு மீடியம் றைஸும் ஒரு மீடியம் நூடில்ஸும் போதும். அதனுடன் பொரித்தது ஒன்று, சோஸோடு வருவது ஒன்று, கீரை ஒன்று. ஆறு பேர் என்றால் ஒரு மீடியம் றைஸும் ஒரு கறியும் கூட்டுங்கள். அளவு கடைக்குக் கடை மாறும் என்பதால் “லார்ஜ் எத்தனை பேருக்கு?” என்று கேட்ட பிறகே எண்ணிக்கையைச் சொல்லுங்கள். குறைந்தால் பிறகு சொல்லலாம். றைஸ் மட்டும் என்றால் கூட்டமில்லாத நேரத்தில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

மூன்று கோப்பை, ஒரே சிவப்பு

டெவல் சிக்கன், ஸ்வீட் அன்ட் சவர் பிஷ், சில்லி ப்ரோன்ஸ். கேட்கும்போது மூன்று வகை. மேசைக்கு வந்தால் மூன்றிலும் தக்காளி சோஸ், வினாகிரி, சீனி, மிளகாய். வெங்காயமும் கறிமிளகாயும் பெரிதாக வெட்டிப் போட்ட அதே சிவப்பு. மூன்றாவது கோப்பையில் கை வைக்கும்போது நாக்கு சலித்துவிடும்.

சிவப்பில் ஒன்றை மட்டும் எடுங்கள். அடுத்தது வேறு பக்கத்திலிருந்து: இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு அவித்த மீன், உள்ளிச் சோஸில் கோழி, முந்திரிப் பருப்போடு கோழி. பிறகு கட்டாயம் ஒரு கீரை. உள்ளி தட்டிப் போட்டு ஒரு நிமிடம் தாச்சியில் புரட்டிய கங்குன் கீரையை விலை குறைந்ததென்று பலர் மெனுவில் தாண்டிப் போகிறார்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு நடுவே வாயைத் தெளிய வைப்பது அதுதான். ஒரு கடையின் சமையற்காரர் எப்படிப்பட்டவர் என்று அறியவும் கங்குனைப் பாருங்கள். தண்டு மொறுமொறுவென்று பச்சையாக வந்தால் தாச்சிச் சூடு சரியாக இருக்கிறது. கறுத்துத் தண்ணீர் விட்டு வந்தால் மற்றதிலும் அப்படித்தான் இருக்கும்.

ஹொட் பட்டர் கட்டில்பிஷ்ஷுக்கு ஆயுள் பத்து நிமிடம்

கணவாயை வளையமாகவோ துண்டாகவோ வெட்டி, கோதுமை மாவும் சோளமாவும் கலந்த பூச்சில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். பிறகு பட்டர், உள்ளி, செத்தல் மிளகாய், வெங்காயத்தாளோடு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குகிறார்கள். கணவாய் ஒரு நிமிடம் கூடினாலே இறப்பராகிவிடும். மேலேயுள்ள பூச்சோ, உள்ளிருந்து வரும் ஆவியாலும் பட்டராலும் பத்து நிமிடத்தில் நமத்துப்போகும். றைஸோடு சேர்த்து வரட்டும் என்று விடுவதுதான் பிழை. றைஸ் முடியும் வரை அது குசினி மேசையில் காத்துக்கிடக்கும். “கட்டில்பிஷ் முதலில், பொரித்தவுடன் கொண்டுவாங்கோ” என்று தெளிவாகச் சொல்லி, வந்ததும் தனியாகச் சாப்பிட்டு முடியுங்கள்.

றைஸுக்கு லார்ஜ் நல்லது, இதற்கு அல்ல. ஒரே தடவையில் நிறையக் கணவாயை எண்ணெயில் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கும். பூச்சு எண்ணெயை உறிஞ்சும், மொறுமொறுப்பு வராது. ஆறு பேர் என்றால் ஒரு லார்ஜுக்குப் பதில் ஒரு மீடியம் சொல்லி, அது பாதி முடியும்போது இன்னொன்று சொல்லுங்கள். பில் கொஞ்சம் கூடும். ஆனால் கடைசித் துண்டும் முதல் துண்டு மாதிரியே இருக்கும்.

“வெஜிடபிள்” என்று சொன்னால் மட்டும் போதாது

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே சாப்பிட வருபவர்களும், கந்தசஷ்டி, நவராத்திரிக் காலத்தில் சைவமாக இருப்பவர்களும் அறியாமலே ஏமாறும் இடம் இது. வெஜிடபிள் என்றால் மரக்கறி போட்டது என்றுதான் குசினியில் விளங்கிக்கொள்வார்கள். மச்சமே படாதது என்ற பொருள் அங்கே தானாக வராது.

வெஜிடபிள் ஃப்ரைட் றைஸில் முட்டை வருவது வழமை. மரக்கறிச் சொப்சியின் குழம்பு கோழி எலும்பு அவித்த தண்ணீரில் கரைத்ததாக இருக்கலாம். கங்குனுக்கும் காளானுக்கும் ஊற்றும் ஒய்ஸ்டர் சோஸ் சிப்பியிலிருந்து எடுத்தது. மேசையில் சின்னக் கிண்ணத்தில் வைக்கும் சில்லி பேஸ்டை எல்லாரும் மறந்துபோகிறார்கள். அதில் மாசியோ கூனியோ அரைத்துப் போடுவது இங்கே சாதாரணம். சைவமாக இருப்பவர்கள் அதைத் தொடாமல், வினாகிரியில் ஊறிய பச்சை மிளகாய் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

ஆகவே “சைவமா?” என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முட்டை வேண்டாம். ஒய்ஸ்டர் சோஸ் வேண்டாம், வெறும் சோயா சோஸ் போடுங்கோ. சூப்புக்குக் கோழித் தண்ணி வேண்டாம், சிக்கன் கியூப்பும் வேண்டாம். தாச்சியைக் கழுவிப்போட்டு சமைக்கச் சொல்லுங்கோ. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இதைத் தமிழிலேயே சொல்லலாம். மற்ற இடங்களில் சிங்களத்தில் “மஸ் எப்பா, உம்பலகட எப்பா, ஒய்ஸ்டர் சோஸ் தான்ன எப்பா” (இறைச்சி வேண்டாம், மாசி வேண்டாம், ஒய்ஸ்டர் சோஸ் போட வேண்டாம்) என்றால் விளங்கும்.

பொரிக்கும் எண்ணெய்க்கு மட்டும் தீர்வு இல்லை. இறாலும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில்தான் ஹொட் பட்டர் மஷ்ரூமும் பொரியும். கண்டிப்பான சைவக்காரரும், இறால், கணவாய் ஒவ்வாமை உள்ளவர்களும் இந்தக் கடைகளில் பொரித்தவற்றை முழுதாக விடுவதே சரி. ஒவ்வாமை கடுமையானது என்றால் வெயிட்டரோடு நிற்காமல் முகாமையாளரிடமே சொல்லுங்கள்.

“மிக்ஸ்ட்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மிக்ஸ்ட் றைஸில் கோழி, இறால், முட்டையோடு சொசேஜஸ், மாட்டிறைச்சி, பன்றி என்று கடைக்கொரு சேர்க்கை. மாடு சாப்பிடாதவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் “மிக்ஸ்ட்டில் என்னென்ன போடுவீங்கள்?” என்று கேட்க வேண்டும். முஸ்லிம் நண்பர்களோடு போவதென்றால் கடையில் பன்றி சமைக்கிறார்களா, ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்பதை மேசை பிடிப்பதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இருந்த பிறகு எழும்பிப் போவது எல்லாருக்கும் சங்கடம்.

அஜினமோட்டோவும் பிரஷரும்

“அஜினமோட்டோ போடவேண்டாம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற சுவைப் பொருள்தான் அதில் இருப்பது. தனியே போடாவிட்டாலும் அதே குளுட்டமேட் சோயா சோஸிலும் சூப் கியூப்பிலும் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது மொத்த உப்பை. சாப்பாட்டு உப்பில் சோடியம் ஏறத்தாழ 39 வீதம், அஜினமோட்டோவில் ஏறத்தாழ 12 வீதம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் “உப்பும் சோயா சோஸும் குறைச்சுப் போடுங்கோ” என்று சொல்லுங்கள். சூப்பைப் பகிர்ந்து சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். சாப்பாட்டை ருசி பார்க்கும் முன்பே மேசையிலுள்ள சோயா சோஸை ஊற்றும் பழக்கத்தையும் விடவேண்டும்.

விலை எழுதாத நண்டு

மெனுவில் விலைக்குப் பதில் “மார்க்கெட் விலை” என்று போட்டிருந்தால், கேட்காமல் ஓடர் கொடுக்க வேண்டாம். கிலோ என்ன விலை, இன்று இருக்கும் நண்டு எத்தனை கிராம், நிறுப்பது துப்புரவாக்க முன்னரா பின்னரா, சமையல் கூலி தனியா: இந்த நாலையும் கேளுங்கள். களப்பு நண்டில் ஓடே நிறைய நிறை பிடிக்கும். ஒரு கிலோ நண்டு இரண்டு பேருக்குத்தான் நிறைவாக இருக்கும்.

பில்லிலும் மெனு விலை கடைசி விலை அல்ல. 10 வீதம் சேவைக் கட்டணம் பல கடைகளில் உண்டு. பதிவு செய்த கடை என்றால் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரியும் வரும். மெனுவில் 10,000 ரூபாவுக்கு ஓடர் கொடுத்தால், இரண்டும் மேலதிகமாகச் சேரும் கடையில் 12,800 ரூபாவுக்குக் குறையாது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் வாசியுங்கள். சேவைக் கட்டணம் எடுத்துவிட்டார்கள் என்றால் மேலே சந்தோஷம் (டிப்ஸ்) வைப்பது உங்கள் விருப்பம், கடமை அல்ல. தண்ணீர்ப் போத்தலுக்கு அதில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டி எடுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறையிடலாம். போயா தினத்தில் பியர் விற்க மாட்டார்கள். கூடிக் குடித்துச் சாப்பிட நினைத்தால் கலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

சீனர்கள் சாப்பிடும் கடைக்குப் போனால்

துறைமுக நகர வேலை 2014இல் தொடங்கியபின் கொழும்பில் சீனர்களுக்காகவே சீனர்கள் நடத்தும் கடைகளும் கூடியிருக்கின்றன. அங்கே போய் ஹொட் பட்டர் கட்டில்பிஷ் கேட்பது பொருந்தாது. சீனாவின் சிச்சுவான் மாகாணச் சாப்பாட்டில் வரும் மிளகு நாக்கை மரக்க வைக்கும். அது பழுதல்ல, அதன் குணம். கோழியை எலும்போடு சிறிதாக வெட்டியிருப்பார்கள், பிள்ளைகளுக்கு எலும்பு பார்த்துக் கொடுங்கள். வெள்ளைச் சோறு தானாக வராது, வந்தாலும் கடைசியில்தான். முதலிலேயே வேண்டுமென்றால் ஓடரோடு சொல்லுங்கள். இன்னொன்று முக்கியம்: சீன மெனுவில் வெறுமனே “இறைச்சி” என்று இருந்தால் அது பன்றி.

மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் போட்டு அவித்துச் சாப்பிடும் ஹொட்பொட்டில் பச்சை இறைச்சியைப் போடும் குச்சியாலேயே சாப்பிடுவது ஆபத்தான தவறு. போடுவதற்கு ஒரு சோடி, சாப்பிட ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், இடையிடையே வெறும் சுடுதண்ணி கேட்டு ஊற்றுங்கள். சைவக்காரருக்கு நடுவில் தடுத்த சட்டி போதாது, கொதிக்கும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெறிக்கும். தனிச் சட்டி உள்ள கடைக்கே போகவேண்டும்.

பார்சல்

பொரித்ததைப் பெட்டியில் மூடினால் ஆவியிலேயே நமத்துப்போகும். பெட்டி மூடியை ஒரு பக்கம் திறந்து வைத்துத் தரச் சொல்லுங்கள், சோஸைத் தனியாக வாங்குங்கள். பிக்மீ, ஊபர் வழியாக எடுத்தால் விலை கடை மெனுவைவிடக் கூடுதலாக இருப்பது வழமை, அதனால் கிட்டவுள்ள கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு நேரே போய் எடுப்பது இலாபம்.

மிஞ்சிய ஃப்ரைட் றைஸை இரவு முழுக்க மேசையில் விட்டு, காலையில் சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. சோற்றில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா நம் ஊர் வெக்கையில் வேகமாகப் பெருகும். அது விடும் ஒருவகை நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது, சில மணித்தியாலத்தில் சத்தி எடுக்க வைக்கும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பிப் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் தாச்சியைச் சூடாக்கி, சோற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும் வரை கிளறி ஒரே தடவையில் சாப்பிட்டு முடியுங்கள். படம் பார்த்துவிட்டு வீடு போவதாக இருந்தால் பார்சல் கட்டாமலே விடுங்கள்.