துப்பாக்கிச்சூடு வழக்கில் டிஎன்ஏவை நம்பி ஏமாறும் இடங்கள்

2007 ஏப்ரல் 25 அன்று, ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ரோந்து காரில் இருந்த இரண்டு காவலர்கள் தலையில் சுடப்பட்டார்கள். 22 வயதுப் பெண் காவலர் இறந்துபோனார். உடனிருந்தவர் படுகாயத்தோடு பிழைத்தார். இருவரின் பிஸ்டல்களும் பறிபோயின. காரில் எடுத்த மாதிரியில் யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் டிஎன்ஏ இருந்தது.

அதே டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் சுமார் 40 வழக்குகளில் பதிவானது. ஒரு மூதாட்டி கொலையிலும் அதுதான், தின்று மீந்த பிஸ்கட்டிலும் அதுதான். அந்தப் பெண்ணை நேரில் பார்த்ததாக உறுதியாகச் சொல்ல ஒரு சாட்சிகூட இல்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் 3 லட்சம் யூரோ வெகுமதி அறிவித்தார்கள். ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்கள் மீதும் வீணாகச் சந்தேகம் பாய்ந்தது. 2009-ல்தான் குட்டு உடைந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டிஎன்ஏ அது.

கிருமி நீக்கம் செய்த குச்சி என்றால் டிஎன்ஏவும் இருக்காது என்று நினைத்ததுதான் முதல் தவறு. கிருமி செத்தாலும் டிஎன்ஏ மிஞ்சும். பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் சேர்த்துப் பரிசோதித்தால்தான் இந்தக் கலப்படம் வெளியே வரும். இதற்கென ஐஎஸ்ஓ 18385 என்ற சர்வதேசத் தரநிலை 2016-ல்தான் வந்தது.

இன்னொரு தவறு, டிஎன்ஏ முடிவு வந்ததும் மற்ற தடயங்களைப் பின்னுக்குத் தள்ளுவது. ஹைல்பிரானில் சுடப் பயன்பட்டவை இரண்டு வெவ்வேறு துப்பாக்கிகள். தனியாக அலையும் ஒரு பெண் என்ற கதையோடு அது எப்படிப் பொருந்தும் என்பதை விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

கைப்பற்றிய துப்பாக்கியைக் கையாள்வதிலும் வரிசை முக்கியம். பிடி, விசை, தோட்டா அடைக்கும் மேகசின், உள்ளே இருக்கும் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் டிஎன்ஏ மாதிரி எடுத்த பிறகே சோதனைக்குச் சுட வேண்டும். குழலுக்குள் பேனாவை விட்டுத் தூக்கவே கூடாது; உள்ளே இருக்கும் தடயம் கெட்டுவிடும். ரத்தம் படிந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரத்தில் டிஎன்ஏ சிதையும். உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள்.

தோட்டா உறையில் சுடு ஊசி (சுடும்போது தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசி) பதித்த தடத்தை, இரண்டு தடங்களை அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, 'உலகில் இந்த ஒரு துப்பாக்கிதான்' என்று அறிக்கை எழுதுவதும் தவறு. இந்த முறையின் நம்பகத்தன்மைக்குப் போதிய ஆய்வுகள் இல்லை என்று அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழு 2016-ல் சொன்னது.

ஹைல்பிரானில் பறிபோன பிஸ்டல்கள் 2011 நவம்பரில் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், என்எஸ்யூ என்ற நவநாஜிக் கும்பலின் வேனில் கிடைத்தன. சுவிக்கா நகரில் அவர்கள் எரித்த வீட்டு இடிபாடுகளில் கொலைத் துப்பாக்கிகள் இருந்தன. அங்கே கிடைத்த ஒரு கால்சட்டையில் இறந்த காவலரின் ரத்தம்; அதன் பையில் இருந்த டிஷ்யூவில் கும்பலைச் சேர்ந்த ஊவே முண்ட்லோஸின் டிஎன்ஏ.