மெம்பர்ஷிப் சேனலுக்கு ஏஜென்சி தேடுகிறீர்களா? ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு இலக்கணம் நடத்தும் சேனல் என்னுடையது. மாதக் கட்டணம் கட்டிச் சேரும் யூடியூப் மெம்பர்களுக்கு வாராவாரம் பயிற்சித்தாள், பேட்ரியான் என்ற சந்தாத் தளத்தில் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. வருமானம் ஓரளவு நிலைத்ததும் "உங்கள் சேனலை நாங்கள் மேனேஜ் செய்கிறோம்" என்று மெயில்கள் வரத் தொடங்கின. சிலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போன வருஷம் ஒரு ஏஜென்சியோடு கையெழுத்துப் போட்டேன். இன்றும் அவர்களோடுதான் இருக்கிறேன். எதைப் பார்த்து மற்றவர்களை மறுத்தேன், எதைப் பார்த்து இவர்களை நம்பினேன் என்பதுதான் இந்தப் பதிவு. மெம்பர்ஷிப்பை ஆன் செய்வது, விலை வைப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று: நாளைக்கே விலக நினைத்தால் சேனலும் மெம்பர்களும் பணமும் சேதமில்லாமல் என்னோடு வருமா? வரும் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

படி 1: எந்த வேலைக்கு ஆள் தேவை?

பிராண்ட் டீல் பேசுவது, பில் போட்டுப் பணம் வசூலிப்பது, எடிட்டிங், மெம்பர்களுக்குப் பதில் எழுதுவது என்று உங்கள் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எடிட்டிங் மட்டும்தான் சுமை என்றால் மாதச் சம்பளத்துக்கு ஒரு எடிட்டர் போதும், ஏஜென்சி வேண்டாம். மெம்பர்களுக்குப் பதில் எழுதும் வேலையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. மாதாமாதம் பணம் கட்டுகிறவர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார். அவருக்கு வேறொருவர் என் பெயரில் பதில் எழுதுவது முறையல்ல.

படி 2: கம்பெனி நிஜமானதா?

அரை மணி நேர வேலை. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக (எம்சிஏ) இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் பதிவான தேதி, முகவரி, இப்போது இயங்குகிறதா என்ற விவரமெல்லாம் வரும். "பத்து வருஷ அனுபவம்" என்று பேசுகிறவர்களின் கம்பெனி போன தீபாவளிக்குப் பதிவானதாக இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பிறகு ஜிஎஸ்டி இணையதளத்தில் அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைத் தட்டி, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டால் வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் தெரியும்.

அவர்கள் பட்டியல் போட்டுக் காட்டும் கிரியேட்டர்களோடு நிற்காமல், அந்த ஏஜென்சியை விட்டு வெளியேறிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் ஏஜென்சியின் மெயில் இருந்து, புதியதில் இல்லையென்றால் அவர்தான் ஆள். அவரிடம் ஒரே கேள்வி: "கடைசிப் பேமென்ட் முழுசா வந்துச்சா?"

படி 3: சாவி உங்களிடமே இருக்கட்டும்

ஜிமெயில் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். தரத் தேவையே இல்லை. யூடியூப் ஸ்டுடியோவில் செட்டிங்ஸ், அதற்குள் பர்மிஷன்ஸ். வீடியோ ஏற்றுகிறவருக்கு "எடிட்டர் (லிமிடெட்)" கொடுத்தால் வருமான விவரம் அவர் கண்ணில் படாது. கணக்கு பார்க்கிறவருக்கு "வியூவர்" போதும். "மேனேஜர்" கொடுத்தால் அவர் இன்னும் பத்து பேரை உள்ளே சேர்க்கலாம், ஆகவே அது வேண்டாம். ஓனர் உரிமை கேட்கும் ஏஜென்சியோடு பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது பணம் போகும் பாதை. சிலர் சேனலைத் தங்கள் நெட்வொர்க்கோடு இணைக்கச் சொல்வார்கள். இணைத்தால் யூடியூப் பணத்தை நெட்வொர்க்குக்குக் கொடுக்கும், அவர்கள் பங்கு பிரித்து உங்களுக்கு அனுப்புவார்கள். இது எங்கே போய் முடியலாம் என்பதற்கு அமெரிக்காவின் டெஃபி மீடியா ஓர் உதாரணம். 2018 நவம்பரில் அந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டபோது, கிரியேட்டர்களுக்குச் சேர வேண்டிய விளம்பரப் பணமும் அவர்கள் கணக்கிலேயே சிக்கிக்கொண்டது. கடன் கொடுத்த வங்கி முந்திக்கொண்டது. சொந்த வீடியோவில் சம்பாதித்தவர்கள் பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நின்றார்கள். அதனால் ஆட்சென்ஸ் (யூடியூப் வருமானம் வந்து சேரும் கூகுள் கணக்கு), பேட்ரியான் இரண்டின் பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஏஜென்சி மாதாமாதம் உங்களுக்கு பில் அனுப்பி கமிஷன் வாங்கிக்கொள்ளட்டும்.

படி 4: விலகும் ஷரத்து

நான் மிக அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்து, கடைசிப் பக்கங்களில் இருக்கும் "டெர்மினேஷன்" பகுதியை முதலில் படியுங்கள். பென்சிலோடு உட்காருங்கள், மொபைல் திரையில் படிக்காதீர்கள். நான்கு விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, காலம். 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த பென் வாகாஸ் என்ற யூடியூபர், மெஷினிமா நெட்வொர்க்கோடு தான் போட்ட ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது என்று பகிரங்கமாகச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது அதை அவர் கவனிக்கவில்லை. "இன் பெர்பெச்சுவிட்டி" (என்றென்றைக்கும்) என்ற சொல் எங்கே தென்பட்டாலும் வட்டம் போடுங்கள். முதல் ஒப்பந்தம் ஒரு வருஷம், முப்பது நாள் நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம் என்பது என் கோரிக்கை. "ஆட்டோ ரினியூவல்" இருந்தால் அடித்துவிட்டு, எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டுமே நீட்டிப்பு என்று மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விலகிய பிறகும் தொடரும் கமிஷன். எனக்குப் பிடிபட நாளானது இதுதான். "ஏஜென்சி அறிமுகப்படுத்திய எந்த பிராண்டிடமிருந்து வரும் வருமானத்துக்கும்" என்று வாக்கியம் தொடங்கும், எத்தனை காலத்துக்கு என்று இருக்காது. ஒரு ஏஜென்சி அனுப்பிய வரைவில் "ஒப்பந்த காலத்தில் சேர்ந்த மெம்பர்கள்" என்றும் ஒட்டியிருந்தது. அதாவது அந்தக் காலத்தில் சேர்ந்த மாணவர் நான் விலகிய பிறகும் மெம்பராகத் தொடர்ந்தால், அவர் கட்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் பங்கு. மெம்பர்ஷிப் மாதாமாதம் புதுப்பிக்கப்படுவது. யார் எப்போது சேர்ந்தார் என்று யார் கணக்கு வைப்பது? கேட்டேன், சரியான பதில் வரவில்லை. நான் ஏற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஏற்கெனவே கையெழுத்தான பிராண்ட் டீலுக்கு, விலகிய பின் 90 நாளுக்குள் வரும் பணத்தில் கமிஷன் உண்டு. மெம்பர்ஷிப்பில் விலகிய நாளோடு சரி.

மூன்றாவது, பதிப்புரிமை. "அசைன்மென்ட்" என்றிருந்தால் உரிமையையே எழுதிக் கொடுக்கிறீர்கள். "லைசென்ஸ்" என்றால் பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறீர்கள். ஏஜென்சிக்கு இரண்டாவது போதும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19இன்படி, எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ளப்படும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வெற்றிடமாக விடுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஐந்து வருஷம் ஒரு சேனலுக்கு ஆயுள் மாதிரி, ஆகவே வெளிப்படையாக எழுதுங்கள்.

நான்காவது, விலகிய பின் "இதே துறையில் ஒரு வருஷம் இயங்கக் கூடாது" என்ற தடை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27இன்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. செல்லாது என்று தெரிந்தும் பயமுறுத்தவே போட்டு வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு ஏஜென்சி கூடாது என்பது வேறு விஷயம், அது நியாயமானதே.

திருத்தங்களை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் பேசி முடிக்க வேண்டாம். வேர்ட் கோப்பில் "டிராக் சேஞ்சஸ்" (ஒவ்வொரு திருத்தத்தையும் அடையாளமிட்டுக் காட்டும் வசதி) போட்டு மெயிலில் அனுப்புங்கள். பிடிஎஃப் மட்டும்தான் தருவோம் என்கிறவர்கள் திருத்தத்துக்குத் தயாரில்லை என்று அர்த்தம்.

படி 5: இருபது சதவீதம் எதன் மேல்?

ஒரு பிராண்ட் டீல் 1,00,000 ரூபாய், எடிட்டிங், கேமரா செலவு 25,000 என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் மொத்தத் தொகையின் மேல் என்றால் 20,000 போய், செலவும் போய், கையில் 55,000. செலவு கழித்த பிறகு என்றால் கமிஷன் 15,000, கையில் 60,000. கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு: முதல் கணக்கில் 3,600. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் அதைத் திரும்பப் பெற முடியாது, கையில் நிற்பது 51,400. ஒரே "இருபது சதவீதம்"தான்.

மெம்பர்ஷிப்பில் வரி போக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் யூடியூப் 70ஐ நமக்குத் தருகிறது. அதில் இருபது சதவீதம் ஏஜென்சிக்கு என்றால் 14 போய் 56 மிஞ்சும். அவர்கள் வருவதற்கு முன்பே மாதம் 40,000 வந்துகொண்டிருந்தால், எந்த வேலையும் நடக்காமலே மாதம் 8,000 கொடுக்கிறீர்கள். ஆகவே கையெழுத்துக்கு முந்தைய ஆறு மாதச் சராசரியை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கு மேல் கூடும் தொகைக்கு மட்டும் கமிஷன் என்று கேளுங்கள். என் ஏஜென்சி இதற்கு உடனே ஒப்புக்கொண்டது. நான் அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

படி 6: ரம்மி கேள்வி

முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள்: "ரம்மி, பெட்டிங் ஆப் விளம்பரம் உங்கள் கிரியேட்டர்களுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டை விளம்பரம் செய்வதே 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். தவறான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 10 லட்சம் வரை அபராதம் உண்டு. திரையில் தெரிவது உங்கள் முகம், ஏஜென்சியின் முகமல்ல. தமிழ்நாட்டில் ரம்மியால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று நமக்குத் தெரியும். என் மாணவர்கள் பலர் வேலை இல்லாதவர்கள், கையில் காசு இல்லாதவர்கள். இந்தக் கேள்விக்கு மழுப்புகிறவர்கள் எனக்கு வேண்டாம். எந்த விளம்பரத்தையும் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 7: கையெழுத்துக்குப் பிறகு

ஏஜென்சி தரும் டாஷ்போர்டை நம்பி இருக்காமல் சொந்தமாக ஒரு கூகுள் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பிராண்ட், ஒப்புக்கொண்ட தொகை, வந்த தொகை, டிடிஎஸ் (பணம் தருகிறவர் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி). பிராண்ட் பணம் ஏஜென்சி வழியாக வந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்த விவரத்தை (26ஏஎஸ் என்று அறியப்பட்ட படிவம்) திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் எவ்வளவு தொகை கணக்குக் காட்டி, எவ்வளவு டிடிஎஸ் கட்டியிருக்கிறார்கள் என்று வரிவரியாக இருக்கும். பிடித்தம் செய்ததாகச் சொல்லிவிட்டுக் கட்டாமல் இருந்தால் இங்கே தெரிந்துவிடும். ரிட்டர்ன் நேரத்தில் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

பின்சேர்க்கை 1: டெலிகிராம் குரூப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். மெம்பர்களுக்கான குரூப்பை ஏஜென்சி ஆள் தன் நம்பரில் தொடங்கியதால், அவர் விலகியபோது குரூப்பும் அவரோடு போய்விட்டதாம். குரூப்பை உங்கள் நம்பரில் நீங்களே தொடங்கி, அவர்களை அட்மினாக மட்டும் சேருங்கள். பேட்ரியானில் சந்தாதாரர்களின் மெயில் பட்டியலை டவுன்லோடு செய்யலாம், மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். விலகும்போது அந்தப் பட்டியலின் பிரதிகளை ஏஜென்சி அழித்துவிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். யூடியூப் மெம்பர்களின் மெயில் நமக்கே கிடைக்காது, ஆகவே அங்கே சேனல் சாவிதான் எல்லாமே.

பின்சேர்க்கை 2: "தகராறு வந்தால் குருகிராமில் ஆர்பிட்ரேஷன், நடுவரை ஏஜென்சி நியமிக்கும்" என்ற ஷரத்து பலருடைய வரைவில் இருக்கிறது. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவரே தனி நடுவரை நியமிப்பதை 2019லேயே உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் நடுவர், இடம் சென்னை அல்லது மதுரை என்று மாற்றச் சொல்லுங்கள். வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தம் முழுவதையும் கொடுக்க வசதியில்லை என்றால், நடுவர் ஷரத்து உள்ள பக்கத்தையும் படி 4இல் சொன்ன பக்கங்களையும் மட்டுமாவது காட்டிக் கேளுங்கள்.