அப்பாவின் ஐந்து வாரத்தை அம்மாவிடம் தள்ளிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு 10 வாரம். "அவர் எடுத்தால் எனக்குக் குறையுமே" என்று இன்னும் பல அம்மாக்கள் பயப்படுகிறார்கள். பழைய திட்டத்தில் அப்படித்தான். அம்மாவின் 16 வாரத்திலிருந்துதான் அப்பாவுக்கு வெட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்த 16 வாரத்தில் யாரும் கை வைப்பதில்லை. அப்பாவின் 4 வாரத் தந்தையர் விடுப்பும் தனி.

இந்த 10 வாரம் ஆளுக்கு 5 என்று தானாகவே பிரியும். மாற்ற வேண்டுமானால் குழந்தை பிறந்த 4 வாரத்துக்குள் மாற்றலாம். பெரிய தவறு நடப்பது இங்கேதான். வீடெல்லாம் பூண்டுக் குழம்பு வாசனை, யாருக்கும் தூக்கமில்லை, குழந்தை வீறிட்டால் அம்மா தூக்கினால்தான் அடங்குகிறது. அந்த நேரத்தில் "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்பது பெருந்தன்மை மாதிரிதான் தெரியும். பேச வேண்டியதைப் பிரசவத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்த தவறு, இருவரும் ஒரே சமயத்தில் விடுப்பு எடுத்துத் தீர்ப்பது. மூத்தவளுக்கு நான் அப்படித்தான் செய்தேன். மாமியார் குளிப்பாட்டுவார், மனைவி பால் கொடுப்பாள், நான் துண்டோடு நிற்பேன். இளையவனுக்கு என் பங்கு 3 வாரம்தான் (2025 திட்டப்படி). மனைவி வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை தொடங்கினேன். காலை பதினோரு மணிக்கு, உறைந்த பால் பையைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, கத்துகிறவனைத் தோளில் போட்டபடி அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று பிடிபட்டது.

ஒரு கணக்கு: அம்மாவின் விடுப்பு பிரசவத்தன்று தொடங்கினால், 16 வாரமும் அவர் பங்கு 5 வாரமும் சேர்ந்து 21. அப்புறம் அப்பாவின் 5. மொத்தம் 26. எப்போது எடுப்பது என்பதில் முதலாளி ஒத்துவராவிட்டால் இந்தப் பகிர்வு விடுப்பை முதல் 26 வாரத்துக்குள் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒத்துவந்தால் ஒரு வருடத்துக்குள் பிரித்தும் எடுக்கலாம்.

முன்னறிவிப்பு குறைந்தது 4 வாரம். நான் மூன்று மாதம் முன்பே மேலாளரிடம் சொன்னேன். "மனைவிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறாள் என்றேன்.

சம்பளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விடுப்புக்கு அரசு தருவதற்கு வாரம் 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உச்சவரம்பு, மத்திய சேமநிதி (மசேநி) உட்பட. அதற்கு மேல் வாங்குகிறவர்கள் மீதியை நிறுவனம் தருமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.