காணிக்கைப் பையும் நானும்

திருப்பூர்ப் பக்கம் எங்கள் சின்னக் கிறிஸ்தவச் சபைக்கு நான்தான் பொருளாளர். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை எல்லார் கையிலும் காசு இருக்கும். இருந்தும் பையில் விழுவது பெரும்பாலும் பத்து ரூபாய்த் தாள்தான்.

கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் வசூல் ஏறியது. மூன்றாம் வாரம், ஓவர்லாக் அடிக்கிற ஒரு அக்காவைக் காணோம். வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"எம்பேருக்கு இருவது ரூவான்னு வாசிச்சீங்க. அடுத்த பேருக்கு ஐநூறு. வெக்கமாப் போச்சுங்க தம்பி."

பைபிளில் மாற்கு 12-இல் இயேசு மெச்சியது நிறையப் போட்ட பணக்காரர்களை அல்ல, இரண்டு காசு போட்ட ஏழை விதவையை. நான் செய்தது நேர் எதிர்.

அன்றோடு பெயர் வாசிப்பை விட்டேன். பதிலுக்கு, காணிக்கைப் பாட்டுக்கு முன் ஒரே நிமிஷம், போன மாசப் பணம் எங்கே போனது என்று மட்டும் சொல்வேன். கரண்ட் பில், ஒரு பிள்ளையின் ஸ்கூல் பீஸ், ஒழுகின இடத்தில் ஓடு மாற்ற 3,200 ரூபாய். ஓடு என்றதும் அத்தனை தலையும் மேலே நிமிர்ந்தது! போதகரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்கிற தசமபாகக் கணக்கை விட்டுவிட்டு 2 கொரிந்தியர் 9:7-ஐ எடுத்தார்: விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல. மூன்று மாசத்தில் பை கனத்தது.

வாசலில் கியூஆர் அட்டையும் ஒட்டினோம். அதில் போட்ட பையன்கள், பை வரும்போது வெறுங்கையோடு கடத்திவிடக் கூச்சப்படுகிறார்கள். அதற்கு இன்னும் வழி பிடிபடவில்லை.

விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அந்த அக்கா ஒரு நாட்டுக்கோழியோடு வந்தார். ஏலத்தில் 900 ரூபாய்க்கு எடுத்தது நான்தான். வீட்டில் நல்ல திட்டு.