சீலிங் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? எந்தக் கலவையைப் போடுவது?

கடலோரப் பழைய வீடுகளில் சீலிங், சன்ஷேடு எல்லாம் பெயர்ந்து கம்பி தெரிந்ததும் மணலும் சிமென்டும் குழைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அது நிற்காது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, புதுப் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் எடுக்க வேண்டியதுதான். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. உப்பால் வந்த கேடு இதில் தெரியாது, அதற்கு ஆய்வகம்தான்.

அடுத்து, முட்டு கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு உடைத்தெடுங்கள், வயர் பிரஷால் துருவைத் தேயுங்கள், துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். கம்பி கால்வாசி தேய்ந்திருந்தாலோ, பழுது தூணிலோ பீமிலோ இருந்தாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இப்போது கலவை. இதை ஆழம்தான் முடிவு செய்கிறது. ஓரிரு அங்குலத்துக்குள் என்றால் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர் (மூட்டையில் வரும் ஆயத்தக் கலவை), சீலிங்கில் ஒரே தடவையில் அப்பாமல் அடுக்கடுக்காக. அதைவிட ஆழம், இல்லை தூணைச் சுற்றி என்றால் பலகை அடைத்து மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி சேர்ந்த ஆயத்தக் கலவை) ஊற்றுவது நல்லது, அது தானே ஓடிக் கம்பிக்குப் பின்னாலும் நிரம்பும். மெல்லிய விரிசலுக்குள் இவை எதுவும் போகாது, அதற்கு எபாக்ஸி என்ற பிசினை ஊசிபோல் உள்ளே செலுத்தும் முறை.

'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று சிமென்டை அள்ளிப் போடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. சிமென்ட் கூடினால் சுருக்கமும் கூடும், பழைய கான்கிரீட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அதனால் மூட்டையில் வலிமையை மட்டும் பார்க்காமல், காயும்போது சுருங்காதபடி சுருக்கம் ஈடுசெய்யப்பட்டதா (shrinkage compensated) என்றும் பாருங்கள். ஐரோப்பிய இஎன் 1504-3 தரம் போட்டிருந்தால், சுமை தாங்கும் இடத்துக்கு ஆர்3 (அழுத்தம் தாங்கும் வலிமை குறைந்தது 25 மெகாபாஸ்கல்) அல்லது ஆர்4 (குறைந்தது 45 மெகாபாஸ்கல்) வகை வாங்குங்கள்.

புதுக் கலவை பழையதோடு ஒட்ட முதலில் அடிக்கும் ஒட்டுப் பூச்சுக்கு எஸ்பிஆர் லேட்டக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) வாங்குங்கள், மர வேலைக்கான வெள்ளைப் பசை வேண்டாம், ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். பழைய பரப்பை முன்கூட்டியே நனைத்து, மேலே தண்ணீர் மினுக்காத நிலையில் ஒட்டுப் பூச்சு அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மார்ட்டரை அழுத்திப் பூசுங்கள். தண்ணீர் மூட்டையில் சொன்ன அளவுதான், குழைய வரவில்லை என்று ஒரு மக்கு கூடக் கூடுதலாக ஊற்றாதீர்கள். மைக்ரோ கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் ஈரச்சாக்கு கட்டுங்கள், பாலிமர் மார்ட்டருக்கு மூட்டையில் போட்டபடி. பெயின்ட் எல்லாம் அப்புறம்.