மழைக்கு முன் கரி வாங்கி வைக்கும் முறை

மூணாறு, தேவிகுளம் பக்கம் பழைய லயங்களிலும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஓட்டு வீடுகளிலும் மார்கழிக் குளிருக்குக் கணப்புச் சட்டி வைப்பவர்கள் கார்த்திகையில் கரி தேடினால் ஈரக்கரிதான் அகப்படும். தண்ணீரையும் சேர்த்து எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியிலேயே வாங்கிவிடுங்கள். இரவுக்கு ஒரு கிலோ என்றால் மூன்று மாதத்துக்கு 100 கிலோ. அது 3 அடிக்கு 3 அடி, 2 அடி உயர இடத்தில் அடங்கும். நல்ல கரியைத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கரி தொப்பென்று விழும், பற்ற வைத்தால் வெடித்துப் பொறி தெறிக்கும்.

வாங்கியதை நேராக வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம். புதிதாகச் சுட்ட கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும். தூள் அதிகமுள்ள மூட்டை இன்னும் மோசம். சுவரை விட்டுத் தள்ளி, மூட்டையின் வாயைத் திறந்து, ஒரு பகலும் ஓர் இரவும் வெளியே வையுங்கள். மூட்டையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? கொட்டிப் பரப்பி ஆறவிடுங்கள்.

கல்தரை மழைக்காலத்தில் ஈரம் கக்கும். இரண்டு வரிசை செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, சுவருக்கு ஒரு சாண் விட்டு மூட்டையை நிறுத்துங்கள். கறையான் கரியைத் தொடாது, சாக்கையும் பலகையையும் விடாது, ஆகவே செங்கல் சந்துகளை அவ்வப்போது பாருங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் போர்த்தினால் போதும். சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். அன்றாடப் புழக்கத்துக்கு மூடி போட்ட தகர டின்.

அடுப்புக்கு மேல் பரணில் விறகு காயலாம், கரி கூடாது. ஒரு பொறி விழுந்தால் புகையே தெரியாமல் உள்ளுக்குள் கனலும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது. படுக்கையறையை ஒட்டியும் வைக்காதீர்கள். சாரல் படாத வெளித்தாழ்வாரம் நல்லது. கணப்புச் சட்டிக்கும் இதே கதைதான்: எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், படுக்கும் முன் சட்டி வெளியே போய்விட வேண்டும்.

மீந்த கங்கைத் திரும்பக் கரி டின்னில் போடும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். சாம்பலுக்குள் கங்கு மறுநாளும் உயிரோடிருக்கும். மூடியுள்ள தகர வாளியில் வீட்டுக்கு வெளியே இரண்டு நாள் கிடக்கட்டும்.

மூட்டையின் அடியில் தங்கும் தூளை எறியாதீர்கள். 10 கிலோ தூளுக்கு அரைக் கிலோ மரவள்ளிக்கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, நல்ல வெயிலில் நான்கு நாள் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.